தூள் பறந்தால்தான் பாலிஷா?

காருக்கு மெஷினால் பாலிஷ் போடும் அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நான்கு முறை பார்த்துவிட்டேன். கறுப்புக் கார், உச்சி வெயில், வெட்டவெளி. பானெட்டின் மேல் மெஷின் முழு வேகத்தில் அலறுகிறது, சுற்றிலும் வெள்ளைத் தூள் மாவு மில் போலப் பறக்கிறது. கீழே நூற்றுக்கணக்கானோர் "உழைப்புக்கு வணக்கம்" என்று எழுதியிருக்கிறார்கள். "இவ்வளவு தூள் பறப்பது தவறான வேலை" என்று நான் ஒரு வரி எழுதினேன். அதற்குத்தான் நேற்றிலிருந்து பொறாமைக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மறுபடியும் எழுதுகிறேன். அது தவறான வேலை.

பெயின்டில் உள்ள கீறலை எடுக்கப் பூசித் தேய்க்கும் காம்பவுண்டு என்பது என்ன? பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்ணிய அரைப்பொடியை எண்ணெயிலும் நீரிலும் குழைத்தது. ஈரம் இருக்கும்வரை பொடி, மெஷினின் முனையில் சுழலும் மெத்தையான பேடோடு ஒட்டி வேலை செய்யும். ஈரம் வற்றியதும் தூளாகக் கிளம்பிவிடும். ஆகவே தூள் பறக்கிறது என்றால், காம்பவுண்டு செத்த பிறகும் மெஷின் ஓடுகிறது என்று பொருள். வெயிலில் கொதிக்கும் தகரத்தில் அது அரை நிமிடத்தில் செத்துவிடும். இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்குப் பட்டாணி அளவில் நான்கு சொட்டுப் போதும். அந்தக் காணொளியில் பானெட் முழுவதும் தோசைக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல் ஊற்றுகிறார்கள். ரோட்டரி மெஷினை நிமிடத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்குள் வைத்துச் செய்கிற வேலைக்கு அந்தச் சத்தம் வராது. காதுள்ள எவருக்கும் தெரியும்.

"காம்பவுண்டு போட்டால் தூள் வரத்தான் செய்யும், நீ மட்டும் என்ன மந்திரமா வைத்திருக்கிறாய்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வரும், ஒப்புக்கொள்கிறேன். என் பட்டறையிலும் வருகிறது. சில காம்பவுண்டுகள் எப்படிப் பிடித்தாலும் கொஞ்சம் தூள் விடும். கம்பளிப் பேடு என்றால் நாரும் சேர்ந்து உதிரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்குள் நுழைந்துவிட்டால் ஷட்டரை இறக்கினாலும் தப்ப முடியாது. ஆனால் வருகிற தூளைக் கட்டுப்படுத்துவதற்கும் பறக்கவிட்டுப் படம் பிடிப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

நான் தொழில் பழகியது 2009இல், உக்கடம் பக்கம் ஒரு பெரியவரிடம். முதல் வண்டி ஒரு கறுப்பு அம்பாசடர். அந்தப் பழைய வண்டியின் பெயின்டுக்கு மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு கிடையாது, பெயின்டே ஒட்டிக்கொண்டு பேடு கறுப்பாக மாறும். ஒவ்வொரு இரண்டடியும் முடிந்ததும் அவர் மெஷினை நிறுத்துவார். பேடைத் திருப்பி மடியில் வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோதுவார். காய்ந்த காம்பவுண்டு பொருக்குப் பொருக்காக உதிரும். பேடு மறுபடி புசுபுசுவென்று எழுந்து நிற்கும்வரை அடுத்த சொட்டு வைக்கமாட்டார். "தூள் எழுந்தால் கையை நிறுத்து கண்ணு, வண்டி உன்னிடம் ஏதோ சொல்கிறது" என்பார். நான் பொறுமையில்லாமல் நிற்பேன். ஒரு கதவுக்கு இவ்வளவு நேரமா என்று நினைத்திருக்கிறேன். இன்று என்னிடம் வேலை பார்க்கும் தம்பிகள் என்னைப் பார்த்து அதையேதான் நினைக்கிறார்கள்.

"தண்ணீர் தெளித்தால் தீர்ந்தது" என்கிறார் இன்னொருவர். பனி விழுந்ததுபோல ஒரு பீச்சு பீச்சினால் உதவும். அதற்கு மேல் போனால் காம்பவுண்டு நீர்த்து வழுக்கும், தூளுக்குப் பதில் சேறு தெறிக்கும். காம்பவுண்டைக் குறைப்பதும் பேடைச் சுத்தம் செய்வதும்தான் வழி.

தூள் எங்கே போய் உட்காருகிறது என்று கைதட்டியவர்கள் யோசித்தீர்களா? கதவு இடுக்கில், பின்னால் இருக்கும் எழுத்துகளின் ஓரத்தில், வைப்பருக்குக் கீழுள்ள சல்லடையில். கண்ணாடி ஓரத்துக் கறுப்பு ரப்பர் பீடிங்கில் காய்ந்துவிட்டால் எளிதில் போகாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மருத்துவரின் வண்டியை, இடுக்குகளில் தூள் போகாமல் மறைக்கும் டேப் ஒட்டாமல் முடித்துக் கொடுத்தேன். முதல் மழையில் கண்ணாடிக்குக் கீழிருந்து வெள்ளைக் கோடுகள் வழிந்திருக்கின்றன. அவர் திட்டவில்லை. அமைதியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்று முழுவதும் உட்கார்ந்து ஈர்க்குச்சியில் துணி சுற்றித் துடைத்தேன். அதிலிருந்து டேப் ஒட்டாமல் நான் மெஷினைக் கையில் எடுத்ததில்லை. கண்ணாடியை மூடவும் ஓரங்களில் டேப் ஒட்டவும் முக்கால் மணி நேரம் போகிறது. அதற்கு யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை. மூன்று மணி நேரத்தில் முடித்துக்கொடு என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தத் தூளை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், எந்தக் கீறலை எடுக்கக் காசு கொடுத்தீர்களோ அதே வட்டக் கீறல் திரும்ப வரும். கறுப்புக் காரில் மறுநாள் வெயிலில் சிலந்தி வலைபோலத் தெரியும். அப்போது திட்டு வாங்கப்போவது பாலிஷ் தொழில் முழுவதும். என் பட்டறையும்தான். அதனால்தான் பேசினேன். விளம்பரத்துக்காகப் பேசியதாகச் சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இந்தப் பக்கத்தில் என் பட்டறையின் பெயரைக்கூட நான் எழுதியதில்லை.

உண்மையைச் சொன்னால், என்னை உறுத்தியது கார் இல்லை. காணொளியின் கடைசி ஐந்து நொடியைப் பாருங்கள். மெஷினை நிறுத்திவிட்டு அந்தப் பையன் நிமிர்கிறான். வயது இருபதுகூட இருக்காது. புருவம், இமை, மூக்கு நுனி எல்லாம் வெள்ளை. முகக்கவசம் இல்லை, கண்ணைக் காக்கும் கண்ணாடி இல்லை. இருமுகிறான், பிறகு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். அவன் சுவாசித்தது அரைப்பொடியும் காய்ந்த கிளியர் கோட்டும். நல்ல முகக்கவசம் ஒன்று ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. அந்தக் காருக்கு எத்தனை ஆயிரம் வாங்கியிருப்பார்கள்? "உழைப்புக்கு வணக்கம்" என்று எழுதிய அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அவன் மூக்கு கண்ணில் படவில்லையா?

என் குருநாதர் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார், எனக்கும் ஒன்றை நனைத்துப் பிழிந்து கட்டிவிடுவார். அவருக்கு அன்று கிடைத்தது அவ்வளவுதான்.

அந்தப் பட்டறையைத் தெரிந்தவர்கள் இங்கே நிச்சயம் இருக்கிறீர்கள். முதலாளியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அந்தத் தம்பியிடம் மட்டும் சொல்லுங்கள். ஒரு பெட்டி முகக்கவசமும் பேடு துலக்க ஒரு பிரஷும் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையில்தான் இருப்பேன்.