கள்ளநோட்டு லைட்டில் சன்ஸ்கிரீன் சோதிக்க முடியுமா?

"கள்ளநோட்டு பார்க்கும் ஊதா லைட்டை அடியுங்கள், கருப்பாகத் தெரியாத சன்ஸ்கிரீன் போலி." ஆனித் தேரோட்ட வெயிலுக்கு முன்னால் நெல்லை வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு வீடியோ சுற்றுகிறது. இது தவறு.

அந்த லைட்டுகள் பெரும்பாலும் 365 முதல் 395 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியைத் தருபவை. சன்ஸ்கிரீனின் வெயில் பாதுகாப்பு அளவைச் சொல்லும் எஸ்.பி.எஃப் எண்ணோ, தோலைச் சிவக்கவைக்கும் கதிர்களைப் பற்றியது. அவை முக்கியமாக 290 முதல் 320க்குள் வரும். ஆகவே நல்ல க்ரீம்கூட 395இல் கருக்காமல் போகலாம். கருத்தாலும் அது எஸ்.பி.எஃப் 15ஆ, 50ஆ என்று தெரியாது.

ஆய்வகத்தில் குறைந்தது 10 பேரின் முதுகில், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி, செயற்கைச் சூரிய ஒளியைச் செலுத்துவார்கள். பூசிய இடம் சிவக்க, பூசாத இடத்தைவிட 30 மடங்கு ஒளி தேவைப்பட்டால் எஸ்.பி.எஃப் 30. (ரதவீதிக்குக் கிளம்பும் அவசரத்தில் நாம் தடவுவது அதில் பாதிகூட இருக்காது, அது வேறு கதை.)

சரி, கடையில் எதைப் பார்ப்பது? லேபிளைத்தான்: தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உட்பொருள்கள். இவை இல்லாத டியூபை வாங்காதீர்கள்; மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுக்கலாம்.