தாபோலிம்: யார் வீட்டில் யார் குடியிருப்பது?

கோவா போய்வந்த யாரிடமாவது பேசுங்கள். "காலையில ஃபிளைட்டே கிடைக்கலப்பா" என்ற புலம்பல் கட்டாயம் வரும். வார நாட்களில் காலை 8.30 முதல் மதியம் 1 மணி வரை கோவாவின் தாபோலிம் விமான நிலைய ஓடுபாதை கடற்படைப் பயிற்சிக்குத்தான் என்பது பல வருட நடைமுறை. பயணிகள் விமானங்கள் மதியத்துக்கு மேல் முட்டிமோத வேண்டும்.

இதைச் சொன்னதும் இரண்டு கோஷ்டி கிளம்பும். "எங்க ஏர்போர்ட்டை நேவி பிடுங்கிக்கிச்சு" என்பது ஒன்று. "நாட்டுப் பாதுகாப்பு, வாயை மூடு" என்பது மற்றொன்று.

முதல் கோஷ்டிக்கு வரலாறு கொஞ்சம் துணை நிற்கிறது. தாபோலிமைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1950களில் இந்தியா பொருளாதாரத் தடை போட்டு நிலவழியை இறுக்கியதும், கராச்சிக்கும் டாமன், டையூவுக்கும் பறக்க அவர்களுக்கு ஒரு விமான நிலையம் தேவைப்பட்டது. ஆக, பிறக்கும்போது அது பயணிகள் நிலையம்தான்.

1961 டிசம்பர் 18 அன்று, கோவாவைப் போர்ச்சுகீசியர்களிடமிருந்து மீட்கும் நடவடிக்கையில், நம் கான்பெரா விமானங்கள் ஓடுபாதையில் குண்டு போட்டன. நிலையக் கட்டடத்தையும் அங்கே நின்ற இரண்டு பயணிகள் விமானங்களையும் தொடவில்லை. அன்று இரவே போர்ச்சுகீசியர்கள் பள்ளங்களை அரைகுறையாக நிரப்பி, அந்த இரண்டிலும் ஆட்களை ஏற்றிக் கராச்சிக்குப் பறந்துவிட்டார்கள். இருட்டில், குண்டு விழுந்த ஓடுபாதையில்! எதிரியாக இருந்தாலும் அந்த விமானிகளுக்கு ஒரு சலாம்.

அப்புறம்தான் கடற்படை வந்தது. நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி, ஐஎன்எஸ் ஹன்சா என்ற கடற்படை விமானத் தளம் அதற்கு முன் இருந்தது கோயம்புத்தூர் பக்கம் சூலூரில். விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலின் சீ ஹாக், அலீஸே விமானங்களுக்குக் கடலே இல்லாத ஊரில் வீடு! 1964இல் தாபோலிமுக்கு மாறியதில் நியாயம் இருக்கிறது.

இன்றைக்கும் அந்தத் தேவை தீரவில்லை. கப்பல் தளத்திலிருந்து கிளம்புவதையும் அதில் இறங்குவதையும் கரையில் பழகாமல் நேரே கடலில் முயல முடியாது. அதற்காகவே விமானம் மேலெழும்ப உதவும் சறுக்குமேடையும், இறங்கும் விமானத்தின் கொக்கியைப் பிடித்து நிறுத்தும் கம்பியும் அங்கே இருக்கின்றன. கடற்படைக்கான தேஜஸ் போர் விமானம் முதன்முதலில் கம்பியில் சிக்கி நின்றது 2019 செப்டம்பரில், இதே வளாகத்தில்தான். கடற்படை வளாகம் என்பதால், ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் எதையும் படம் எடுக்கக்கூடாது. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

என் கோபம் கடற்படை மேல் இல்லை. 1964இல் கோவாவுக்குச் சுற்றுலாக் கூட்டம் கிடையாது. எண்பதுகளில் ஐரோப்பாவிலிருந்து சார்ட்டர் விமானங்கள் வர ஆரம்பித்தபோதே, யாருக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு நிலம் என்று டெல்லி உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டும். இழுத்தடித்து, கடைசியில் மோபாவில் இன்னொரு விமான நிலையம் கட்டினார்கள். 2023 ஜனவரியில் அங்கே விமானங்கள் பறக்கத் தொடங்கின. அது மாநிலத்தின் வடக்குக் கோடி. தெற்கே காணகோணாவில் இருப்பவர் கோவா முழுவதையும் கடந்து போய் விமானம் ஏற வேண்டுமா?

"கடற்படையைக் கார்வாருக்கு அனுப்பு" என்பது பழைய கோரிக்கை. சரி, கர்நாடகத்தில் இருக்கும் அந்தக் கார்வார் பக்கம் அங்கோலாவில் கடற்படை விமானத் தளத்துக்குத் திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்திலும் பயணிகள் விமானங்களுக்கு ஒரு மூலை கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அங்கேயாவது முதல் விமானம் இறங்கும் முன்பே நேரக்கணக்கை எழுதி வையுங்கள், சாமிகளா.