கொரியப் பையன் ஏன் வரமாட்டேன் என்கிறான்?

கொரியாவில் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படிக்கிற பையனிடம் போய், "எங்கள் நாட்டுக்கு வா, கார் தொழில்நுட்பம் சொல்லித் தருகிறோம்" என்று கூப்பிடுவது திருநெல்வேலிக்காரருக்கே அல்வா கொடுக்கிற வேலை. ஆனாலும் வருடா வருடம் இது நடக்கிறது. சியோல் கோயெக்ஸ் அரங்கில் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சி நடக்கும்போது போய்ப் பாருங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என்று வரிசையாக ஸ்டால்கள். பளபளக்கும் பிரசுரம், ரேங்கிங் எண், புல்வெளியில் உட்கார்ந்து சிரிக்கிற நான்கு நாட்டு மாணவர்கள். அந்தப் பிரசுரங்களில் ஒரு பேட்டரி ஆய்வகத்தின் படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. புல்வெளி மட்டும் தவறாமல் இருக்கும்.

நான் கொரியாவில் ஆராய்ச்சிப் படிப்பு முடித்து, அங்கேயே ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். கூட வேலை பார்க்கிற இளம் பொறியாளர்கள் பலரும் ஒரு காலத்தில் வெளிநாட்டுப் படிப்பை யோசித்துவிட்டு, வேண்டாம் என்று விட்டவர்கள். அவர்கள் சொல்லும் காரணங்களுக்கும், அந்த ஸ்டாலில் நிற்பவர்கள் பேசும் பேச்சுக்கும் துளியும் சம்பந்தமில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். கொரியர்கள் வெளியே போய்க் கற்றே ஆக வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 1974இல் டூரின் மோட்டார் ஷோவில் வைத்த ஹூண்டாய் போனி காருக்கு வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியுஜாரோ. எஞ்சின் மிட்சுபிஷியுடையது. வேலையை முன்னின்று நடத்த பிரிட்டிஷ் லேலண்டிலிருந்து ஜார்ஜ் டர்ன்புல்லைக் கூட்டிவந்தார்கள். இத்தாலிக்கு அனுப்பப்பட்ட இளம் பொறியாளர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். அதற்கும் முன்பே, 1966இல் கிஸ்ட் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, அமெரிக்காவில் தங்கிவிட்ட கொரிய விஞ்ஞானிகளை நல்ல சம்பளமும் வீடும் கொடுத்துத் திரும்ப அழைத்தது அரசு. போய்ப் படித்துவிட்டு வருவது அன்று தனிமனித ஆசை மட்டுமல்ல, நாட்டின் திட்டம்.

இன்று நிலைமை வேறு. ஹூண்டாய் குழுமம் 2022 முதல் விற்பனையில் உலகின் மூன்றாவது பெரிய கார் நிறுவனம். அவர்களின் ஐயோனிக் 5 மின்சாரக் காருக்கு அதே ஆண்டு உலகின் சிறந்த கார் விருது. ஆள் தேவைப்பட்டால் அவர்கள் இப்போது மாணவனை அனுப்புவதில்லை, ஆசிரியரையே இங்கே கூட்டிவந்துவிடுகிறார்கள். ஆடியில் பெயர் வாங்கிய வடிவமைப்பாளர் பீட்டர் ஷ்ரையரை 2006இல் அதே குழுமத்தின் கியா வளைத்தது. 2015இல் பிஎம்டபிள்யூவின் வேகக் கார்களுக்கான எம் பிரிவிலிருந்து ஆல்பர்ட் பியர்மன் வந்தார், பின்னர் ஹ்வாசோங்கில் இருக்கிற ஹூண்டாயின் நாம்யாங் ஆய்வு மையத்துக்கே தலைவரானார். ஹ்வாசோங்கில் உட்கார்ந்தபடியே ஒரு ஜூனியர் பொறியாளருக்கு ஜெர்மன் சஸ்பென்ஷன் டியூனிங் கிடைக்கிறது என்றால், அவன் எதற்கு முனிக்கில் வாடகைக்கு அறை தேடி அலைய வேண்டும்?

எண்களும் இதையேதான் சொல்கின்றன. 2008-09 கல்வியாண்டில் அமெரிக்காவில் சுமார் 75,000 கொரிய மாணவர்கள் இருந்தார்கள். 2023-24இல் சுமார் 43,000. "கொரியாவில் குழந்தையே பிறப்பதில்லையே, அதான்" என்று உடனே கமெண்ட் வரும். 2023இல் கருவுறுதல் விகிதம் 0.72 என்பது உண்மைதான், ஆனால் அந்தக் குழந்தைகள் இன்னும் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. இப்போது கல்லூரிக்கு வருபவர்கள் 2000களின் நடுவில் பிறந்தவர்கள். 2000ஆம் ஆண்டு சுமார் 6.4 லட்சமாக இருந்த பிறப்பு 2005இலேயே 4.4 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. ஆக, சரிவுக்கு அதுவும் ஒரு காரணம். அதை மட்டும் காட்டிவிட்டுக் கையை விரிப்பது, தங்கள் தரப்பில் என்ன குறை என்று பார்க்க விரும்பாதவர்களின் வசதி.

என் கணக்கில் பெரிய காரணம் ராணுவம். கொரிய ஆண்களுக்குக் கட்டாய ராணுவப் பணி உண்டு, தரைப்படையில் 18 மாதம். வழக்கமாக ஒரு பையன் முதலாம் ஆண்டோ இரண்டாம் ஆண்டோ முடித்துவிட்டு விடுப்பு எடுத்துப் போவான், வந்து விட்ட இடத்தில் தொடர்வான். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு இது அன்றாடச் சமாசாரம், யாரும் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டார்கள். இதையே மான்செஸ்டரிலோ மெல்பர்னிலோ செய்து பாருங்கள். விசா முடிந்துவிடும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். திரும்பி வரும்போது கட்டணம் ஏறியிருக்கும், பாடத்திட்டம் மாறியிருக்கும், கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். போகாமல் இழுத்தடிக்கலாம் என்றால், 25 வயதைத் தாண்டியவன் ராணுவ அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் தங்க முடியாது.

இதில் இன்னொரு கொக்கி இருக்கிறது. உள்நாட்டில் கைஸ்ட் போன்ற அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி சேர்ந்து தேர்வானால், படைமுகாமுக்குப் பதிலாக ஆய்வுப் பணியிலேயே மூன்று ஆண்டுகளைக் கழித்துக் கடமையை முடிக்க வழி உண்டு. இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு ஸ்டான்ஃபோர்டைவிட இது பெரிய ஸ்காலர்ஷிப். எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் இதற்கு இணையாக எதையும் தர முடியாது. ஆனால் குறைந்தபட்சம், "ராணுவத்துக்குப் போய்விட்டு வா, இரண்டு வருடம் உன் இடம் அப்படியே இருக்கும், பழைய கட்டணம்தான்" என்று எழுதிக் கொடுக்கலாமே? கோயெக்ஸில் நான் கேட்டுப் பார்த்த ஸ்டால்களில், இப்படி ஒரு கேள்வி வரும் என்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கொரியாவில் மெக்கானிக்கல் பக்கம் பெண்கள் குறைவுதான். ஆனால் இருப்பவர்களுக்கு ராணுவக் கடிகாரம் கிடையாது. வெளியே போக விரும்பும் பெண் பொறியாளர்களைக் குறிவைத்து ஒரு பல்கலைக்கழகமாவது தனியாகப் பேசியிருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

சரி, உள்ளூரில் என்ன கிடைக்கிறது? 2023இல் கொரியா பல்கலைக்கழகம் ஹூண்டாயுடன் சேர்ந்து ஸ்மார்ட் மொபிலிட்டி துறை ஒன்றைத் தொடங்கியது. ஆண்டுக்கு 50 பேர், இளநிலையும் முதுநிலையும் சேர்த்து ஐந்தாண்டுப் படிப்பு, முடித்தால் ஹூண்டாயில் வேலை. சாம்சங்கும் எஸ்கே ஹைனிக்ஸும் செமிகண்டக்டருக்கு இதே மாதிரித் துறைகளை நடத்துகின்றன. சேரும்போதே வேலை உறுதி என்கிற இடத்தோடு மோத, "எங்கள் கேம்பஸ் பல்லினப் பண்பாடு கொண்டது" என்ற வாசகத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதைவிடக் கூத்து, 2023இல் ஹூண்டாய் பத்தாண்டுக்குப் பிறகு 400 உற்பத்திப் பிரிவு ஆட்களை எடுக்க விளம்பரம் செய்தபோது, விண்ணப்பித்தவர்களின் நெரிசலில் இணையதளமே படுத்துவிட்டது. அந்த வேலைக்குப் பள்ளிப் படிப்பு போதும்.

இன்னும் மேலே இருக்கிற மாணவர்களோ காரைத் திரும்பியே பார்ப்பதில்லை. பெயர் பெற்ற கல்லூரிகளில் இன்ஜினியரிங் சேர்ந்தவர்களே பாதியில் விட்டுவிட்டு மருத்துவத்துக்காக மறுபடி சுநூங் என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள். 2024 பிப்ரவரியில், 3,058ஆக இருந்த மருத்துவ இடங்களோடு இன்னும் 2,000 கூட்டப்போவதாக அரசு அறிவித்ததும் இந்த ஓட்டம் இன்னும் வேகமெடுத்தது. அந்த இட உயர்வு பின்னர் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. கார்ப் படிப்புக்கு ஆள் தேடுகிற ஜெர்மனியின் ஆகனுக்கும் பிரிட்டனின் கவன்ட்ரிக்கும் உண்மையான போட்டி சியோலின் மருத்துவக் கல்லூரிகள்தான். இது ஸ்டாலில் நிற்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கட்டணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொரியாவில் சராசரிக் கட்டணம் ஆண்டுக்கு 70 லட்சம் வோனை ஒட்டி. பிரிட்டனில் பொறியியலுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டுவது பெரும்பாலும் 20,000 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஐந்து மடங்கு. சாப்பாடும் தங்கலும் தனி.

பணத்தைக் கட்டினாலும் சரி, அப்புறம் என்ன? ஒவ்வொரு கொரியப் பெற்றோரும் கேட்கிற கேள்வி இதுதான்: படித்து முடித்தால் வேலை எங்கே? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 செப்டம்பர் 4 அன்று ஹூண்டாயும் எல்ஜி எனர்ஜி சொல்யூஷனும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலைக்குள் அமெரிக்கக் குடிவரவுத் துறை புகுந்தது. 475 பேரைப் பிடித்தார்கள், அதில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொரியர்கள். கையிலும் இடுப்பிலும் காலிலும் சங்கிலி போட்டு அழைத்துப்போன காட்சியைக் கொரியத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. ஒரு வாரம் கழித்துத் தனி விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் மாணவர்கள் இல்லை, விசா வகையும் வேறு, எல்லாம் சரி. ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் முக்கியமா? கார்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன நம்மூர்ப் பொறியாளனுக்குச் சங்கிலி என்பதுதான் அவர் மனதில் நின்றிருக்கும்.

இத்தனைக்கும் கொரியாவோடு அமெரிக்காவுக்கு 2012 முதல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. அதே மாதிரி ஒப்பந்தம் போட்ட ஆஸ்திரேலியாவுக்கு ஆண்டுக்கு 10,500 தனி வேலை விசா, சிங்கப்பூருக்கு 5,400, சிலிக்கு 1,400. கொரியாவுக்குப் பூஜ்யம். 15,000 விசா கேட்கும் மசோதா 2013 முதல் திரும்பத் திரும்ப அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்து கிடப்பில் போகிறது. அந்தச் செப்டம்பரிலேயே புதிய எச்1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்றும் அறிவித்துவிட்டார்கள். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு ஹூண்டாய் பெயர் வைத்திருக்கிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே படித்த கொரியப் பையன் அதே மாநிலத்து ஹூண்டாய் ஆலையில் நிலையாக வேலை பார்க்க முடியுமா என்பதுதான் சந்தேகம்.

ஐரோப்பாவிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பிரிட்டனில் படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டு என்றிருந்த வேலை அனுமதியை, முனைவர் பட்டக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு, 18 மாதமாகக் குறைக்க முடிவெடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் படிப்பு மலிவு, ஆனால் முனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 இறுதியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. ஃபோக்ஸ்வேகனோ 2030க்குள் 35,000 பேரைக் குறைக்கத் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தமே போட்டுவிட்டது. ஆளைக் குறைக்கிற ஊருக்கு வந்து கார் படி என்றால் யார் வருவார்கள்?

இவ்வளவுக்கும் நடுவே ஏஜென்சிக்காரர்கள் இருக்கிறார்கள். சியோலின் கங்னம் ஸ்டேஷனைச் சுற்றி மாடிக்கு மாடி கன்சல்டன்சி. மாணவன் சேர்ந்தால் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு கமிஷனாக அவர்களுக்கு வரும். அமெரிக்காவில் உள்நாட்டு மாணவரைத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துப் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் விலக்கு. இது எனக்கு எப்போதுமே உறுத்தும். கமிஷனை நம்பி வாழ்கிற ஆள், "தம்பி, ராணுவத்தை முடித்துவிட்டு முதுநிலைக்குப் போ" என்று எதற்குச் சொல்லப் போகிறார்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவனைத்தான் பார்ப்பார். நான்கு வருடக் கட்டணம் பெரிது என்று பல்கலைக்கழகமும் கூடவே தலையாட்டும். கொரியப் பொறியியல் மாணவன் வெளியே போவதற்கு மிகத் தப்பான வயது அதுதான்.

சரியான ஆள் யார் என்றால், ராணுவம் முடித்த, 25-26 வயதுக்காரன். பட்டம் கையில் இருக்கும், தனக்கு எதில் ஓட்டை என்றும் தெரியும். சாலையில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்கிற வாகன இயக்கவியல், தானியங்கி ஓட்டத்துக்கான மென்பொருள், பாதுகாப்புச் சான்றளிப்பு போன்றவற்றுக்கு இன்னும் வெளியே போக வேண்டியிருக்கிறது. இவனைக் கண்காட்சியில் பார்க்க முடியாது. கொரிய வாகனப் பொறியாளர் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் மாணவர்களின் சொந்தத் தயாரிப்புக் கார் போட்டிக்குப் போங்கள், கிரீஸ் படிந்த கையோடு அங்கே இருப்பான். பேராசிரியரை அனுப்புங்கள், விற்பனையாளர் வேண்டாம். அந்தப் பையனின் சேஸிஸைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தெரிந்தவர் போனால் போதும்.

இன்ச்சியோனின் சோங்டோவில் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக், ஜார்ஜ் மேசன், யூட்டா பல்கலைக்கழகங்களும் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகமும் கிளை போட்டிருப்பது நல்ல வழிதானே என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்கக் கிளைகளில் மூன்று வருடம் இன்ச்சியோனில், ஒரு வருடம் அமெரிக்காவில், அதே பட்டம். ராணுவ விடுப்பு எளிது என்பது உண்மை. ஆனால் கார் படிக்கிறவனுக்கு அங்கே புதிதாக என்ன கிடைக்கும் என்று எனக்குப் புரியவில்லை. ஆங்கில வகுப்பறைக்காக அவ்வளவு பணமா?

இதற்கிடையில் கொரியாவே 2027க்குள் 3 லட்சம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்போம் என்று 2023இல் அறிவித்துவிட்டு வியட்நாம், சீனா, இந்தியா என்று வலை வீசிக்கொண்டிருக்கிறது. உள்ளூர்ப் பையன்கள் மருத்துவத்துக்கு ஓடியதால் காலியான ஆய்வக மேசைகளில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். அவர்களுக்குக் கொரியப் பல்கலைக்கழகங்கள் என்ன வாக்குக் கொடுக்கின்றன, அதில் எவ்வளவு காப்பாற்றப்படுகிறது என்பதைத் தனியாக எழுதுகிறேன். அதிலும் புல்வெளிப் படங்களுக்குக் குறைவில்லை.