12-0 என்று பதிவான ஒரு வாக்கெடுப்பு

2020 அக்டோபர் 22. ஏமி கோனி பேரட்டை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கும் பரிந்துரை மீது வாக்களிக்க அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழு கூடுகிறது. குழுவில் 22 பேர். குடியரசுக் கட்சிக்கு 12, ஜனநாயகக் கட்சிக்கு 10. அந்தப் பத்துப் பேரும் வரவில்லை. அவர்களுடைய இருக்கைகளில், ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தால் பயன்பெற்றவர்களின் பெரிய பெரிய புகைப்படங்களை வைத்திருந்தார்கள். தலைவர் லிண்ட்சே கிரஹாம் வாக்கெடுப்பை நடத்தினார். 12-0. நான்கு நாளில் முழு அவையும் 52-48 என்று ஒப்புதல் கொடுத்துவிட்டது. தேர்தலுக்கு எட்டு நாள்தான் பாக்கி.

தேர்தல் நெருக்கத்தில் நியமிக்கலாமா என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். என்னை உறுத்துவது வேறு. அந்தக் குழுவின் விதிகளில் ஒரு வரி உண்டு: அலுவல் நடத்த ஒன்பது பேர் வேண்டும், அதில் இரண்டு பேராவது எதிர்த்தரப்பினராக இருக்க வேண்டும். அன்று அந்த இரண்டு பேர் இல்லை.

பரிந்துரையை அவைக்கு அனுப்ப, குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் நேரில் இருந்தால் போதும் என்பது குடியரசுக் கட்சியின் வாதம். செனட்டின் பொதுவிதி அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் குழு தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுதான் இந்த இரண்டு பேர் விதி. அதை மீறினால் யாரிடம் போய் முறையிடுவது? குழுவில் தீர்ப்பு சொல்பவர் தலைவர். அவையிலும் அதே கட்சிக்குத்தான் பெரும்பான்மை. நீதிமன்றம் இதற்குள் வரத் தயங்கும். அப்படியானால் அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது?

கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, விஷயத்தில் செனட் எப்போதுமே இப்படித்தான். அரசமைப்புச் சட்டப்படி 100 பேரில் 51 பேர் இருக்க வேண்டும். நடைமுறையிலோ, இல்லை என்று யாராவது எழுந்து சொல்லும்வரை இருப்பதாகவே வைத்துக்கொள்வார்கள். சொன்னாலும் பெரும்பாலும் நேரம் கடத்தத்தான். எழுத்தர் ஒவ்வொரு பெயராக நிதானமாக வாசிப்பார், அதற்குள் தலைவர்கள் ஓரமாகப் பேசி முடிப்பார்கள், அப்புறம் யாரும் ஆட்சேபிக்காமல் அந்த அழைப்பையே கைவிட்டுவிடுவார்கள். அன்றாட அலுவலுக்கு இது சரி. வாழ்நாள் பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது சரியா?

ஜனநாயகக் கட்சியினர் செய்ததும் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுடைய சங்கடம் புரிகிறது: இரண்டு பேர் வந்து உட்கார்ந்தாலே கோரம் நிறைந்துவிடும். ஆனால் புறக்கணிப்பு பலிக்காது என்பதற்கு முன்னுதாரணம் இருந்தது. 2017 பிப்ரவரியில் அமைச்சர் நியமனங்களை அவர்கள் புறக்கணித்தபோது, செனட் நிதிக் குழு கோரம் விதியையே நிறுத்திவைத்து வேலையை முடித்தது. அப்படியிருக்க, வந்து பத்து எதிர்ப்பு வாக்குகளைப் பதிய வைத்திருக்க வேண்டும். 48 வயதில் நியமிக்கப்பட்டவர் இன்னும் பல பத்தாண்டுகள் தீர்ப்பு எழுதுவார். குழுவின் பதிவேட்டில் அவருக்கு எதிராக ஒரு வாக்குகூட இல்லை.

2023இல் நிலைமை தலைகீழ். குழுவில் ஜனநாயகக் கட்சிக்கு 11, எதிர்த்தரப்புக்கு 10. அந்தக் கட்சியின் உறுப்பினர் டயான் ஃபைன்ஸ்டைன் உடல்நலமின்றி பிப்ரவரியிலிருந்து வரவில்லை. 10-10 என்றால் பரிந்துரை நகராது. தற்காலிகமாக வேறொருவரை அமர்த்தக் கேட்டபோது ஆட்சேபித்துத் தடுத்தவர் அதே கிரஹாம். மே மாதம் ஃபைன்ஸ்டைன் திரும்பி வரும்வரை சில நீதிபதி நியமனங்கள் அப்படியே கிடந்தன. அங்கே விதி எழுத்துக்கு எழுத்து காக்கப்பட்டது. தடுப்பவருக்குப் பலம் இருந்தால் விதி நிற்கிறது, இல்லாவிட்டால் விழுகிறது.

இதில் ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். கீழ் நீதிமன்ற நியமனங்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 வாக்கு வேண்டும் என்ற தடையை 2013இல் நீக்கியது ஜனநாயகக் கட்சி. 2017இல் உச்ச நீதிமன்றத்துக்கும் நீக்கியது குடியரசுக் கட்சி. இரண்டு முறையும் வெறும் பெரும்பான்மை பலத்தில்தான்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அமையும்போது குழுக்கள் தங்கள் விதிகளை ஏற்கின்றன. அப்போதே தெளிவாக எழுதட்டும்: நீதிபதி நியமன வாக்கெடுப்புக்கு எதிர்த்தரப்பினர் இருவர் கட்டாயம். ஒரு வாரம் முன்னறிவிப்பு கொடுத்தும் இரண்டு கூட்டங்களுக்கு அவர்கள் வராவிட்டால் மட்டும் அந்த நிபந்தனை விலகும். வராமலேயே நியமனத்தைக் காலவரையின்றி முடக்கவும் முடியாது, எதிர்த்தரப்பு இல்லாத அறையில் ஒரே நாளில் முடித்துவிடவும் முடியாது.