அமைதியாக உட்கார்ந்தாலும் வழக்கு வரும்

குமரி மாவட்டம் கிள்ளியூரில் மணல் சுரங்கத்தை எதிர்த்து மறியல் பண்ணலாமா என்ற பேச்சில் ஒருத்தர், "ஆயுதம் இல்லாமல் அமைதியாக மறியல் பண்ணினால் போலீஸ் வழக்கே போட முடியாது, அது அரசியலமைப்பின் பிரிவு 19 தந்த உரிமை" என்று எழுதியிருக்கிறார். நம்பிப் போகிற பையன்கள் மாட்டிக்கொள்வார்கள். அமைதியாகக் கூடும் உரிமை இருக்கிறதுதான், ஆனால் பொது ஒழுங்கைக் காரணம் காட்டி அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144, அதாவது அதற்குப் பதில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின் கீழ் தடை உத்தரவு போட்டபின் அதை மீறினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த நியாய சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவு வரும். முன்பு தண்டனைச் சட்டம் 188-இல் சாதாரண மீறலுக்கு ஒரு மாதம் வரைதான் சிறை, இப்போது ஆறு மாதம் வரை.

சட்டமறுப்பு என்றாலே தெரிந்து மீறி, கைதை ஏற்பதுதானே? 1930-இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்கள் சிறை நிச்சயம் என்று தெரிந்தேதான் போனார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம், கூடங்குளம் அணு உலையை எதிர்த்த பக்கத்து இடிந்தகரையைப் பாருங்கள். 2012 செப்டம்பரில் கடலில் இறங்கி நின்ற சனங்கள் கையில் என்ன ஆயுதம் இருந்தது? அந்தப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்கு. 2013 மே 6-ஆம் தேதி உலையை அனுமதித்த உச்ச நீதிமன்றமே குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கச் சொல்லியும், எல்லாம் ஒரேயடியாகத் தீரவில்லை.

நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவுக்குக் கிளம்புகிறார், நிலுவையில் வழக்கு இருந்தால் பாஸ்போர்ட் இழுத்தடிக்கும். மறியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் கைதாகத் தயார், யார் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசவும் மனு எழுதவும் மட்டும் வருவார்கள் என்று முன்னாடியே பிரித்துக்கொள்ளுங்கள், வக்கீல் நம்பரும் கையில் இருக்கட்டும்.