1141 எந்த மாடியில்?

(இத்தாலி, கியான்ட்டி மலைப்பகுதி. ப்ரோலியோ கோட்டையின் டிக்கெட் கவுண்ட்டர்.)

பெரியவர்: 1141 எந்த மாடியில் இருக்கிறது, அம்மா?

டிக்கெட் அம்மா: அது அறை எண் இல்லை, ஐயா. ஆண்டு.

பெரியவர்: அது எனக்கும் தெரியும். அந்த ஆண்டு கட்டியதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். மிலானிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறேன்.

டிக்கெட் அம்மா: ரிகாசோலி குடும்பத்தின் கைக்கு இந்த மலை வந்த ஆண்டு அது.

பெரியவர்: அதாவது பத்திரம்.

டிக்கெட் அம்மா: அதேதான்.

பெரியவர்: பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பினால் மருமகன் சிரிப்பான். அதோ, அந்தச் சிவப்பு மாளிகை? கூர்முனைச் சன்னல்களைப் பாருங்கள், அசல் இடைக்காலம்!

டிக்கெட் அம்மா: 19ஆம் நூற்றாண்டுச் செங்கல். இடைக்காலம் போலவே இருக்கட்டும் என்று பெத்தினோ ரிகாசோலி பிரபு ஆசைப்பட்டுக் கட்டியது.

பெரியவர்: கீழே மதில்?

டிக்கெட் அம்மா: 1478இல் நேப்பிள்ஸை ஆண்ட அரகோன் வம்சத்தின் படையும் பக்கத்து நகரமான சியெனாக்காரர்களும் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். கோட்டை புளோரன்ஸ் நகரின் பக்கம், அதனால் புளோரன்ஸ்காரர்கள் திரும்பக் கட்டினார்கள். பீரங்கி வந்துவிட்ட காலம், அதனால்தான் மூலைக்கு மூலை கொத்தளம். 1529இல் சியெனாக்காரர்கள் மறுபடி வந்து கொளுத்திவிட்டுப் போனார்கள்.

பெரியவர்: அவர்களுக்கு வேறு வேலையே இல்லையா?

டிக்கெட் அம்மா: மதில்மேல் ஏறிப் பாருங்கள். மூட்டம் இல்லாத நாளில் சியெனாவின் கோபுரங்கள் தெரியும். அங்கிருந்து பார்த்தால் இது தெரியும். தினமும் கண் விழித்ததும் எதிரியின் கோட்டையிலேயே விழித்தால் உங்களுக்கும் கை பரபரக்கும்.

பெரியவர்: சுவரில் பொத்தல் பொத்தலாக இருக்கிறதே! இதுவாவது 1141?

டிக்கெட் அம்மா: இரண்டாம் உலகப் போர்.

(இப்படி ஆண்டைத் தேடி அலைகிறவர்களைப் பல கோட்டை வாசல்களில் பார்த்திருக்கிறேன். குண்டடி பட்ட சுவரில் கையை ஊன்றிக்கொண்டே, பார்ப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.)

பெரியவர்: இங்கே பேய் உலாவுகிறதாமே. அதுவாவது...

டிக்கெட் அம்மா: பேயும் 19ஆம் நூற்றாண்டுதான், ஐயா. அதே பெத்தினோ பிரபு. 1880இல் காலமானவர்.

பெரியவர்: பேய்கூடப் புதிதா!

டிக்கெட் அம்மா: சாதாரணப் பேய் இல்லை. 1861இல் முதல் பிரதமர் கவூர் இறந்ததும் இத்தாலியின் பிரதமர் ஆனவர். ‘இரும்புப் பிரபு’ என்று பெயர். புளோரன்ஸில் ஒரு விருந்தில் அவர் மனைவியுடன் வேறொருவர் நடனம் ஆடிவிட்டாராம். அந்த இரவே மனைவியை வண்டியில் ஏற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று சொல்வார்கள். அந்த அம்மாள் ஆடியது ஒரே ஒரு நடனம். பேயாக அலைய வேண்டியது அவர். அலைகிறவர் இவர்!

பெரியவர்: போகட்டும். வைன் தயாரிப்பு முறையாவது பழையதுதானே?

டிக்கெட் அம்மா: 1872. பிரபு பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மணத்துக்கும் வேகத்துக்கும் சான்ஜோவேசே திராட்சை, அதன் கடுமையைத் தணிக்கக் கனாயோலோ, இளசாகக் குடிப்பதானால் கொஞ்சம் மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை. நாள்பட வைக்கிற வைனுக்கு மால்வாசியா தேவையில்லை என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. அந்த வெள்ளைத் திராட்சையை மட்டும் பிடித்துக்கொண்டு, 1967இல் கியான்ட்டி வைனுக்கு 10 முதல் 30 சதவீதம் வெள்ளைத் திராட்சை சேர்க்க வேண்டும் என்று விதி போட்டார்கள். 2006இல் இந்த மலைப்பகுதியின் கியான்ட்டி கிளாசிக்கோ வைனில் வெள்ளைத் திராட்சையே கூடாது என்று மாற்றினார்கள். கடிதத்தைக் கடைசி வரி வரை படித்திருந்தால் ஒரு விதியே தேவைப்பட்டிருக்காது.

பெரியவர்: இவ்வளவு சொல்கிறீர்களே, 1141இல் இங்கே இருந்தது என்று ஒன்றுகூடவா இல்லை?

டிக்கெட் அம்மா: மண் இருந்தது. உழுகிறவர்கள் இருந்தார்கள். என் தாத்தாவும் பக்கத்துச் சரிவில் வாரத்துக்குப் பயிர் செய்தவர்தான். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. திராட்சையில் பாதி, எண்ணெயில் பாதி, கோதுமையில் பாதி. இனிமேல் அப்படிப் புதிய ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்தது எப்போது தெரியுமா? 1964.

பெரியவர்: அப்படியா! அந்த வாரமுறை தொடங்கியது எந்த ஆண்டு?

டிக்கெட் அம்மா: அதற்கு யாரும் பலகை வைக்கவில்லை.

பெரியவர்: (சிறிது நேரம் பேசாமல் நின்று) உங்கள் தாத்தா காலத்து மண்வெட்டி ஏதாவது இருக்கிறதா? அதன் முன்னால்...

டிக்கெட் அம்மா: இருக்கிறது. என் வீட்டுக் கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். அதை எடுத்தால் கோழி ஓடிவிடும். டிக்கெட் வேண்டுமா, வேண்டாமா? உங்கள் பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள்.

பெரியவர்: கொடுங்கள், கொடுங்கள். (வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து) அம்மா, இதில் 1140 என்று போட்டிருக்கிறதே?

டிக்கெட் அம்மா: அது ஆண்டு இல்லை, ஐயா. வரிசை எண்.

பெரியவர்: (டிக்கெட்டைத் திருப்பி நீட்டி, ஒதுங்கி நின்று) இதைப் பின்னால் நிற்கிறவருக்குக் கொடுங்கள், அம்மா. எனக்கு அவசரமில்லை.