ஆமாம், அவரைக்காய்தான் பிதுக்கினோம்

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நண்பரின் கிண்டலுக்குப் பதில் எழுதவே கூடாது என்றிருந்தேன். "விட்டுத் தள்ளுங்கள், அவர் அப்படித்தான்" என்று மனைவியும் சொன்னார். ஆனால் நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு இன்னொருவர் அந்தக் கருத்தைப் படம் பிடித்து அனுப்பி, "பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தேன் ஐயா. என் பதிவுக்குக் கீழேதானே எழுதியிருக்கிறார், பார்க்காமல் எங்கே போவேன்?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கூடத்தில் விரித்த செய்தித்தாள், நடுவில் குண்டான் நிறைய ஊறிய அவரை, சுற்றிலும் கைகள். "இன்றைக்கு வேறு வேலை இல்லை, வேறு எதுவும் வேண்டியதும் இல்லை" என்று ஒரே ஒரு வரி. அதற்குத்தான் நண்பர், "ஊர் பற்றி எரிகிறது, இவர் வீட்டில் அவரைக்காய் பிதுக்குகிறார்கள்" என்று ஆரம்பித்து, "சராசரித்தனத்தைக் கொண்டாடுவதும் ஒரு நோய்தான்" என்று முடித்திருக்கிறார். அதற்கு இருநூற்றுச் சொச்சம் பேர் சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் எனக்கும் நண்பர்கள். சிரியுங்கள், பல் சுளுக்கிக்கொள்ளாமல் சிரியுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அவரை பிதுக்கியது எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மகிழ்ச்சியாக இருந்ததைச் சொன்னேன். இதில் கொண்டாட்டம் எங்கே, நோய் எங்கே?

தென்மாவட்டத்து நண்பர்களுக்கு ஒரு விளக்கம். நீங்கள் பொரியல் செய்யும் தட்டை அவரைக்காய் அல்ல இது. உங்கள் ஊரில் பச்சை மொச்சை என்பீர்கள். எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் இதுதான் அவரைக்காய். மார்கழியில் பனி இறங்க இறங்கத்தான் இதற்கு வாசனை ஏறும். உழவர் சந்தையில் கன்னடம் பேசும் வியாபாரிகள் அந்த வாசனைக்கு 'சொகடு' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். காயைக் கையில் எடுத்தால் தோலில் பிசுபிசுவென்று ஒரு எண்ணெய்ப் பசை ஒட்டும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் ராத்திரி வரை விரலை விட்டுப் போகாது. இதோ நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் ஆண்டுதோறும் அவரைக்கு மேளாவே நடத்துகிறார்கள். அவரை தோசை, அவரை ஜிலேபி, அவரை ஜாமூன் என்று என்னென்னவோ விற்கிறார்கள், கால் வைக்க இடமிருக்காது. அங்கே போய்ப் படம் எடுத்துப் போட்டால் அது பண்பாடு. என் வீட்டுக் கூடத்தில் எடுத்துப் போட்டால் சராசரித்தனம்!

காயை உரித்துக் கொட்டையை எடுக்க வேண்டும். அதில் பச்சைப் புழு ஒன்று நெளியும். என் மகள் அலறிக்கொண்டு சோபா மேல் ஏறுவாள், ஆனால் அடுத்த புழுவைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று உடனே இறங்கியும் வருவாள். கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் உப்பித் தளர்ந்துவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழும். பழகாதவர் அழுத்தினால் சுவரில் போய் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்று அம்மாவின் மூக்குக் கண்ணாடியில் அடித்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, என்னைப் பார்த்து, "உன் அப்பாவும் முதல் நாள் இப்படித்தான்" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மகள் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த நேரத்தில்தான் படம் எடுத்தேன். இதையெல்லாம் பதிவில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் நூறு பேர் சிரித்திருப்பார்கள்.

"நாட்டில் இத்தனை நடக்கும்போது இதைப் போடலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு வருகிறேன். எப்போது போடலாம் என்று ஒரு தேதி கொடுத்துவிடுங்கள், நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்கிறேன். நாட்டில் ஒன்றும் நடக்காத மார்கழி எந்த மார்கழி? பாண்டியன் அறிவுடைநம்பி ஓர் அரசன். அவன் பாடிய ஒரு பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. எதைப் பற்றித் தெரியுமா? குறுகுறுவென்று நடந்து வந்து, தட்டில் கைவிட்டு, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பற்றி. அவனுக்கு எல்லையில் சண்டை இல்லையா, வரி பாக்கி இல்லையா? நல்லவேளை, அவன் காலத்தில் கருத்துப் பெட்டி இல்லை. இருந்திருந்தால், "மன்னா, நாடு கிடக்கும் கிடப்பில் உமக்கு நெய்ச்சோறு ஒரு கேடா?" என்று நம்மாள் முதல் ஆளாகப் போட்டிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்களே, அப்போது இதே நண்பர் முதன்முதலாகக் கோதுமை அல்வா கிளறினார். ஒரு நாளில் ஒன்பது படங்கள். வாணலி தனியாக, கரண்டி தனியாக, நெய் பிரியும் கட்டம் தனியாக. சாலையில் மக்கள் மூட்டை முடிச்சோடு ஊருக்கு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நான் போய், "ஊர் எரியும்போது அல்வாவா?" என்று கேட்டேனா? "சூப்பர், எனக்கு எங்கே?" என்று எழுதினேன். அவர் அன்று பயந்துபோயிருந்தார், அல்வா கிளறிக்கொண்டிருந்த ஒரு மணி நேரம் பயம் இல்லாமல் இருந்தார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

இன்னொரு தோழி கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். "படத்தில் ஏழு கைகள் தெரிகின்றன. ஆறு கைகள் பெண்களுடையவை. ஏழாவது உங்களுடையது. எட்டாவது கைப்பேசியைப் பிடித்திருக்கிறது" என்று எழுதியிருந்தார். கூடவே, 2019-இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையும் போட்டிருந்தார். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்களாம், ஆண்கள் 97 நிமிடம். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி, இவர் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டு வருகிறாரே என்று. நானும் சேர்ந்துதான் பிதுக்கினேன், காயை வாங்கிச் சுமந்து வந்ததும் நான்தான், உரித்ததிலும் பாதி நான்தான் என்று பெரிதாக ஒரு பதில் தட்டச்சு செய்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்கள் பிதுக்கியது ஒரு டம்ளர் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். பதிலை அழித்துவிட்டேன்.

சரி, ஒரு டம்ளர்தான். முக்கால் டம்ளர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முக்கால் டம்ளரும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மற்ற மூவருக்கும் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை, உண்மை. பிறகு கேட்டேன். அம்மா, "இது என்ன கேள்வி?" என்றார். மனைவி, "உட்கார்ந்து பேசிக்கொண்டு செய்தது நன்றாக இருந்தது, நடுவில் நீங்கள் மூன்று முறை காபி கேட்டதுதான் நன்றாக இல்லை" என்றார். தோழியின் கேள்வி நியாயமானதுதான். அவரிடம் வருத்தம் இல்லை. அவர் என்னைக் கேட்டார். நண்பர் என்னைக் கேட்கவில்லை, என்னைக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்தார்.

"எல்லோருக்கும் இப்படி உட்கார வீடும் நேரமும் இருக்கிறதா?" என்றும் சிலர். இல்லைதான். அதற்காக நான் நின்றுகொண்டு பிதுக்க முடியுமா?

அந்த 'சராசரி' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. எங்கள் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துனர். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திரும்பவும் அதே வழி. முப்பத்து மூன்று வருடம். பொங்கல், தீபாவளி என்றால் மற்றவர்கள் வீட்டுக்கு வருவார்கள், அவர் சிறப்புப் பேருந்துக்குப் போவார். எங்கள் வீட்டில் பொங்கல் பானை பொங்கும்போது அவர் யாருடைய பெட்டியையோ எந்த நிறுத்தத்திலோ இறக்கி வைத்துக்கொண்டிருப்பார். நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு பொங்கலுக்குக்கூட அவர் காலையில் வீட்டில் இருந்ததாக நினைவில்லை. இரவில் வந்து, தோல்பையைக் கவிழ்த்து, சில்லறையை அடுக்கி எண்ணி முடித்து, ஆறிய களியைச் சூடான குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். பிதுக்கம்பருப்புக் குழம்பு அவருக்கு உயிர். அது எப்படி வீட்டுக்குள் வருகிறது, யார் உட்கார்ந்து பிதுக்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரம் இருந்ததில்லை.

58 வயதில் ஓய்வு. முதல் ஆறு மாதம் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். அந்த மார்கழியில் ஒருநாள் அம்மா குண்டானை நகர்த்தி, "வந்து உட்காருங்கள்" என்றார். முதல் நாள் எல்லாம் சுவரில்தான் அடித்தது. ஒரு வாரத்தில் எங்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். முப்பத்து மூன்று வருடம் டிக்கெட் கிழித்த கட்டைவிரல் அல்லவா? பார்க்காமலே பிதுக்குவார். இடது கையில் ஒரு பிடி அவரை, வலது கை விரல்கள் நகர்வதுகூடத் தெரியாது, பருப்பு மட்டும் சொட்டுச் சொட்டாகப் பாத்திரத்தில் விழும். ஒவ்வொரு நூறுக்கும் ஒரு தோலைத் தனியே ஒதுக்கி வைத்து, கடைசியில் அம்மாவிடம் கணக்கு ஒப்படைப்பார், பணிமனையில் ஒப்படைத்ததைப் போல. "நாலாயிரத்து இருநூறு. சரிபார்த்துக்கொள்." அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

அப்படி மூன்று மார்கழி. நான்காவதற்கு அவர் இல்லை.

இதை எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. சின்ன விஷயங்களில் மகிழ்ச்சி அடைவது தப்பில்லை என்று ஒழுங்காக, கோபப்படாமல் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சராசரித்தனம் என்று நீங்கள் சொன்னதைப் பெற என் அப்பா முப்பத்து மூன்று வருடம் நின்றுகொண்டே பயணம் செய்ய வேண்டியிருந்தது. மூன்று பருவம்தான் அது அவருக்கு வாய்த்தது. அதனால் நான் படம் போடுவேன். அடுத்த ஞாயிறும் போடுவேன். சீசன் முடியும்வரை போடுவேன்.

"ஒரு கிண்டலைத் தாங்க முடியாதா?" என்று கேட்பீர்கள். யாரோ ஒருவர் எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன், அழித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். இவர் என்னோடு விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர். அப்பாவின் அந்த மூன்றாவது மார்கழியில் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கியவர். அப்பாவுக்குப் பக்கத்தில் அதே கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அங்கிள், எனக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டவர். அப்பா அவர் கட்டைவிரலைப் பிடித்து, "கண் பக்கம் அழுத்தக்கூடாது தம்பி, எதிர்ப்பக்கம் அழுத்து" என்று காட்டினார். அவர் பிதுக்கிய முதல் பருப்பு தெறித்து மின்விசிறியில் பட்டது. அன்று அவர் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது. நினைவிருந்தும் எழுதினாரா என்பதுதான் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

நட்பு விலக்கவெல்லாம் மாட்டேன், பயப்பட வேண்டாம். தொலைபேசியிலும் கூப்பிட மாட்டேன். இதைப் படிப்பார் என்று தெரியும், படித்துவிட்டுப் படிக்காததுபோல இருப்பார் என்றும் தெரியும். ஒரே ஒரு விஷயம். அந்த முறை ஊருக்குக் கிளம்பும்போது அம்மா பிதுக்கம்பருப்புக் குழம்பை ஓர் எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடியைத் துணியால் கட்டிக் கொடுத்தனுப்பினார். அடியில் அப்பா பெயர் வெட்டியிருக்கும். அது இன்னும் திரும்பி வரவில்லை. இன்று காலையும் அம்மா கேட்டார்.